இடுப்பில் இருப்பதும் தோளில் ஏறுவதும்

கௌபாய் படம் பார்த்த எவருக்கும் இந்தச் சந்தேகம் ஒரு முறையாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் பாட்டையும் சண்டையையும் மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போயிருக்கிறீர்கள் என்று பொருள்.

தமிழில் அந்த வகைப் படங்களுக்குக் குறைவில்லை. 1972-இல் ஜெய்சங்கர் 'கங்கா'வில் வந்தார். 1978-இல் 'தாய் மீது சத்தியம்' படத்தில் ரஜினிகாந்த் தொப்பியும் பூட்சுமாக வந்தார். இந்தக் கூத்தையெல்லாம் கேலி செய்து 2010-இல் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' வந்தது. கொட்டகையில் விசில் பறப்பதெல்லாம் இடுப்பில் தொங்கும் கைத்துப்பாக்கிக்குத்தான். அதை விரலில் சுழற்றி உறைக்குள் போட்டால் போதும், பிள்ளைகள் நாற்காலியில் உட்கார மாட்டார்கள். ஆனால் அமெரிக்கக்காரர்கள் எடுத்த படங்களைக் கூர்ந்து பாருங்கள். குதிரையின் சேணத்தில் தோல் உறையில் இன்னொரு துப்பாக்கி செருகியிருக்கும். நீளமானது. எதிரி தூரத்தில் தெரிந்தால் கை இடுப்புக்குப் போகாது, சேணத்துக்குத்தான் போகும்.

"இடுப்புல ஒண்ணு இருக்கும்போது எதுக்கு சார் இன்னொண்ணு?" என்று என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பெரியவர்கள் கேட்கத் தவறிய கேள்வி என்றும் சொல்லலாம்.

குடும்பப் பத்திரிகையில், அதுவும் ஓர் ஆசிரியர், துப்பாக்கியைப் பற்றியா எழுதுவது என்று முகம் சுளிக்கும் தாய்மார்கள் இருப்பார்கள். உங்கள் பிள்ளையின் கைப்பேசியில் ஒரு நாளைக்கு எத்தனை துப்பாக்கி வெடிக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பிறகு என்னைக் கோபித்துக் கொள்ளுங்கள். அந்த விளையாட்டில் கைத்துப்பாக்கி ஓர் அழகுப் பொருள். அது உண்மையில் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று யாராவது ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்லத்தானே வேண்டும்?

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. நம் அலோர் காஜாவிலிருந்தே தொடங்கலாம். நகரத்தில் பழைய பிரிட்டிஷ் கல்லறைகள் இருப்பது பலருக்குத் தெரியும். பாசாருக்குப் போகிற அவசரத்தில் நின்று படித்தவர்கள் குறைவு. நானிங் போரில் மாண்டவர்களுக்கு எழுப்பியவை அவை. இந்த வட்டாரம் அன்று நானிங். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி கொடு என்று கம்பெனிக்காரன் கேட்டான். தர முடியாது என்றார் நானிங் தலைவர் டோல் சைட். 1831 ஆகஸ்டில் மலாக்காவிலிருந்து ஏறத்தாழ 150 சிப்பாய்களும் இரண்டு பீரங்கிகளும் புறப்பட்டு வந்தன. அந்தச் சிப்பாய்கள் வேறு யாருமல்ல, மதராஸ் பட்டாளம். தமிழும் தெலுங்கும் பேசிய நம் பக்கத்து ஆட்கள். ரப்பர் மரம் இந்த மண்ணுக்கு வருவதற்கு எத்தனையோ ஆண்டு முன்பே, துப்பாக்கி தூக்கிக்கொண்டு நம்மவர் அலோர் காஜாக் காட்டுக்குள் நடந்திருக்கிறார்கள். பள்ளிப் புத்தகத்தில் டோல் சைட் இருக்கிறார், இருக்கவும் வேண்டும். அந்தச் சிப்பாய்களுக்கு அரைவரி ஒதுக்கியிருந்தால் நம் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் விழித்துப் படிப்பார்கள்.

அவர்கள் கையிலிருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. அதைக் கெட்டிக்கிற வேலையைக் கேளுங்கள். காகிதச் சுருளைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்சம் மருந்தைப் பக்கத்திலுள்ள கிண்ணியில் போட்டு மூட வேண்டும். துப்பாக்கியை நிமிர்த்தி மீதி மருந்தைக் குழலின் வாயில் கொட்டி, குண்டைப் போட்டு, இரும்புக் கோலால் இடித்து இறக்க வேண்டும். கோலை உருவித் திரும்ப அதன் இடத்தில் செருக வேண்டும். பிறகுதான் தோளில் வைத்துச் சுடலாம். நன்கு பழகியவனுக்கே ஒரு வெடிக்குப் பதினைந்து, இருபது வினாடி பிடிக்கும். அதுவரை அவன் கையில் இருப்பது வெறும் ஈட்டி. இத்தனையும் செய்த பிறகு கிண்ணியில் ஈரம் பட்டிருந்தால் பொறிதான் பறக்கும், வெடிக்காது. காலைப் பனியில் பால் வெட்டப் போனவர்களுக்கு இந்த ஊர்க் காட்டின் ஈரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிரிகள் மரத்தை வெட்டிப் பாதையில் சாய்த்துப் போட்டார்கள். மறைவிலிருந்து சுட்டார்கள். உணவு வரும் வழியை அடைத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் பட்டாளம் பீரங்கிகளை விட்டுவிட்டு மலாக்காவுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களோடு வந்து, காட்டை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டே நகர்ந்து, 1832 ஜூனில்தான் தாபோவைப் பிடித்தார்கள். சில நூறு பவுன் கூடத் தேறாத வரிக்காக ஒரு லட்சம் பவுன் செலவானது என்பார்கள். கம்பெனியின் கணக்குப்பிள்ளைக்கு அன்று தூக்கம் வந்திருக்குமா தெரியவில்லை!

அந்தச் சிப்பாய்க்கு என்ன குறை? வீரமா? இல்லை. மழையில் நனையாத மருந்தும், துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே அடுத்த குண்டு போடும் வசதியும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததுதான் நெம்புகோல் துப்பாக்கி. அது வர மேலும் முப்பது ஆண்டு ஆனது.

மருந்து, குண்டு, பொறி மூன்றையும் ஒரே உலோகக் கூட்டில் அடைத்ததுதான் தோட்டா. மழை அதை ஒன்றும் செய்யாது. 1860-இல் அமெரிக்காவில் ஹென்றி என்பவர், குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் வைத்து அதில் தோட்டாக்களை வரிசையாக அடுக்கினார். விரல் இழுக்கும் விசையைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தையே பின்னால் நீட்டிக் கைப்பிடியாக்கினார். அதுதான் நெம்புகோல். அடிபம்பின் பிடியைப் போல ஒரு முறை கீழே தள்ளி மேலே இழுத்தால் போதும். வெடித்த கூடு வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா மேலே ஏறிக் குழலுக்குள் நுழையும், சுத்தியலும் பின்வாங்கித் தயாராகும். வலக்கை பிடியை விடவில்லை, கட்டை தோளை விட்டு நகரவில்லை, கண்ணும் குறியிலிருந்து விலகவில்லை. பதினைந்து வினாடி வேலை ஒரு வினாடியில் முடிந்துவிட்டது.

ஹென்றியின் முதலாளி வின்செஸ்டர். துப்பாக்கிக்கு முதலாளி பெயர்தான் நிலைத்தது. உழைத்தவன் பெயர் எங்கே நிலைக்கிறது, சொல்லுங்கள்! 1866-இல் ஒன்று, 1873-இல் இன்னொன்று என்று வின்செஸ்டர் துப்பாக்கிகள் வந்தன. இவற்றிலேயே குழலைக் குறுக்கிச் செய்த வகையைக் கார்பைன் என்றார்கள். குதிரைக்காரனுக்கு நீளம் இடைஞ்சல், அதனால் பிறந்த குட்டைத் துப்பாக்கி அது. குழல் 20 அங்குலம், எடை மூன்றரைக் கிலோவுக்குள், உள்ளே 12 தோட்டா.

இங்கேதான் என் மாணவனின் கேள்விக்குப் பதில் வருகிறது. 1873 வின்செஸ்டருக்கென்று செய்த .44-40 என்னும் தோட்டாவை, சில ஆண்டுகளில் கோல்ட் கம்பெனிக்காரர்களும் தங்கள் ரிவால்வரில் போட வழி செய்தார்கள். ஆக இடுப்பில் இருப்பதற்கும் சேணத்தில் இருப்பதற்கும் ஒரே தோட்டா. கடைக்காரரிடம் ஒரே பெட்டி வாங்கினால் இரண்டுக்கும் ஆச்சு. மருந்து ஒன்று, குண்டு ஒன்று, பட்ட இடத்தில் வலியும் ஒன்றுதானே என்று தோன்றும். அப்படியிருக்க, கனமான இன்னொன்றை ஏன் சுமந்தான்?

முதல் காரணம் குழலின் நீளம். மருந்து எரிந்து புகையாகி விரிந்து குண்டைத் தள்ளுகிறது. நீண்ட குழலில் அது தள்ளுவதற்கு நேரம் அதிகம், குண்டின் வேகமும் அதிகம். குட்டைக் குழலில் பாதி எரியும்போதே குண்டு வெளியே போய்விடும். மீதி நெருப்பும் சத்தமுமாக வீணாகிறது.

அடுத்த காரணத்தைத்தான் நான் வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். வீட்டிலும் செய்து பார்க்கலாம், செலவில்லை. துப்பாக்கியில் குறி பார்க்க இரண்டு அடையாளங்கள் உண்டு. கண்ணுக்கு அருகில் ஒன்று, குழலின் முனையில் ஒன்று. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துச் சுடுகிறோம். ரிவால்வரில் இந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 15 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கார்பைனில் 40 செண்டிமீட்டர். கை நடுங்கி முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகுகிறது. 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காட்டுப் பன்றியை எடுத்துக்கொண்டால், ரிவால்வரின் குண்டு குறியைவிட்டு ஏறத்தாழ 17 செண்டிமீட்டர் தள்ளிப் போகும். கார்பைனின் குண்டு 6 செண்டிமீட்டர்தான் தள்ளிப் போகும். ஒத்த முக்கோணக் கணக்குத்தான். ஒன்றில் பன்றி விழும். மற்றொன்றில் பன்றி காயத்தோடு உங்கள் பக்கம் திரும்பும். காயம்பட்ட பன்றி எப்படித் திரும்பும் என்பதைச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கில் வராத இன்னொன்றும் இருக்கிறது. நீளத் துப்பாக்கியை மூன்று இடத்தில் தாங்குகிறோம். இடக்கை முன்னால், வலக்கை பின்னால், கட்டை தோளில். கன்னத்தையும் சேர்த்தால் நான்கு. கைத்துப்பாக்கி நீட்டிய கையின் நுனியில் ஆடுகிறது. ஒரு கிலோ எடையுள்ள ரிவால்வரின் விசையை ஒரே இழுப்பில் இழுத்துச் சுட நாலைந்து கிலோ பலம் வேண்டும். பொருளின் எடையைவிட நாலைந்து மடங்கு பலத்தோடு இழுக்கும்போது பொருள் அசையாமல் இருக்குமா? சினிமாவில் ஓடுகிற குதிரையிலிருந்து ஒரு கையால் சுட்டு, கூரைமேல் நிற்பவனை விழ வைக்கிறார்கள். அவன் விழுவது குண்டு பட்டதால் அல்ல, இயக்குநர் "கட்" சொல்வதற்குள் விழச் சொன்னதால்.

ஆகவே குதிரைக்காரனோ குடியானவனோ, குறி தவறக்கூடாத வேலை என்றால் கார்பைனைத்தான் எடுத்தான். கைத்துப்பாக்கியில் தேர்ச்சி பெற ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். கார்பைனைச் சாதாரண ஆள் சில நாளில் ஓரளவு பழகிவிடுவான். நெம்புகோல் நடுவில் இருப்பதால் இடக்கைப் பழக்கமுள்ளவனுக்கும் தொந்தரவில்லை. பக்கவாட்டில் துருத்தும் பிடி கிடையாது, தட்டையாக உறைக்குள் இறங்கும். இதெல்லாம் கேட்கப் பெரிதாகத் தெரியாது. நாள் முழுதும் ஒரு கருவியோடு வேலை செய்கிறவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். பால்வெட்டுக் கத்தியின் வளைவைப் பற்றி என் அப்பா அரைமணி நேரம் பேசுவார்.

குறைகளும் உண்டு. தரையில் குப்புறப் படுத்துச் சுடுகிறவனுக்கு நெம்புகோலைக் கீழே தள்ள இடமிருக்காது. குழாயில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதால், கூர்முனைக் குண்டு போட்டால் அது முன்னால் உள்ள தோட்டாவின் அடியைக் குத்தி உள்ளேயே வெடித்துவிடும் ஆபத்துண்டு. அதனால் தட்டை முனைக் குண்டுதான். பெரிய பட்டாளங்கள் கதவுத் தாழ்ப்பாள் போல இழுத்துத் தள்ளும் ரைபிளுக்குப் போனதற்கு இவையும் காரணம்.

கூர்முனைச் சிக்கலைத் தீர்த்தவர் ஜான் பிரௌனிங் என்னும் அமெரிக்கர். 1895 மாதிரி வின்செஸ்டரில் குழாயை எடுத்துவிட்டுப் பெட்டி வைத்தார். முதல் உலகப் போரில் ரஷ்யா இந்த வகையில் ஏறத்தாழ மூன்று லட்சம் வாங்கியது. 1909-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குப் போனபோது இதைத்தான் கொண்டுபோனார்.

தமிழ்நாட்டிலும் இந்தத் துப்பாக்கி புகழ் பெற்றிருக்கிறது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910-1974) என்ற வேட்டைக்காரரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓசூருக்கு அப்பால் ஜவளகிரிக் காட்டிலும், நீலகிரி அடிவாரத்துச் சேகூரிலும் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப் போனவர். 1954-இல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் அந்தக் கதைகள் இருக்கின்றன. அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாதிரி நெம்புகோல் துப்பாக்கி. பணக்கார வேட்டைக்காரர்கள் இங்கிலாந்தில் செய்த இரட்டைக் குழல் ரைபிளைக் கொண்டுவருவார்கள். விலை எங்கேயோ இருக்கும், சுடுவதோ இரண்டு முறை. ஆண்டர்சனுக்கு மலிவான அமெரிக்கத் துப்பாக்கி போதுமாயிருந்தது. புலி பாய்ந்து வரும்போது துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றலாம் என்பதன் பொருள் அந்தக் காட்டில் நின்றவருக்குத்தான் விளங்கும்.

சரி, கைத்துப்பாக்கி இவ்வளவு சாமானியமென்றால் உலகம் அதை ஏன் செய்துகொண்டே இருக்கிறது? நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. அது எப்போதும் உடம்போடு இருக்கும், இரண்டு கையும் வேலைக்குச் சும்மா இருக்கும். மாடு மேய்ப்பவன் கயிற்றைப் பிடிக்க வேண்டும், காவல்காரர் வண்டி ஓட்ட வேண்டும். தூரத்தில் சாத்தி வைத்த நல்ல துப்பாக்கியைவிடக் கைக்கெட்டும் சுமாரான துப்பாக்கி மேல் என்று அவர்கள் நினைப்பதில் தவறில்லை.

மற்றொரு காரணம், அதை மறைக்கலாம். சட்டைக்குள், வேட்டி மடிப்பில், பைக்குள். கார்பைனை மடியில் கட்டிக்கொண்டு எவனும் ரயிலேற முடியாது.

1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கலெக்டர் ஆஷ் துரை மனைவியோடு பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார். வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி மிக அருகில் நின்று சுட்டார். பிறகு அதே துப்பாக்கியால் தம்மையும் சுட்டுக்கொண்டார். அது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. ஆம், ஜவளகிரிக் காட்டுக்குப் போன நெம்புகோல் துப்பாக்கியை வரைந்த அதே பிரௌனிங்தான். ஒரே மூளையில் பிறந்த இரண்டு பொருள்கள் தமிழ் மண்ணில் எப்படி எப்படிப் பயன்பட்டன பாருங்கள். ஒன்று காட்டில் வெளிப்படையாக, இன்னொன்று கூட்டத்துக்குள் மறைவாக. வாஞ்சியின் செயலை எடைபோடுவது இந்தப் பக்கத்தின் வேலையல்ல. அந்தச் செயலுக்கு ஏற்ற கருவி அதுதான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நம் நாட்டுக்கு வருவோம். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் நாடு முழுதும் அவசர காலம். 1960 வரை அது நீடித்தது. தோட்டத் துரைமார் இடுப்பில் பிஸ்டல் ஏறியது அப்போதுதான். ஆனால் தோட்டத்தைக் காத்தது அந்தப் பிஸ்டல் அல்ல. எஸ்.சி. என்று நம்மவர் அழைத்த சிறப்புக் காவலர்கள், பெரும்பாலும் மலாய் இளைஞர்கள், சில மாதங்களில் 20,000-க்கு மேல் சேர்ந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது நீளத் துப்பாக்கி. பட்டாளத்தாரிடம் "காட்டுக் கார்பைன்" என்று பெயர் பெற்ற ஒன்றும் இருந்தது. நெம்புகோல் வகையல்ல, தாழ்ப்பாள் வகை. வழக்கமான ரைபிளைக் குறுக்கி, ஒரு மீட்டர் நீளத்துக்கும் மூன்றே கால் கிலோவுக்கும் கொண்டுவந்திருந்தார்கள். காட்டில் கொடியில் மாட்டாது, தூக்கி நடக்கச் சுலபம். ஆனால் ரைபிளின் முழு மருந்தும் அந்தச் சின்ன உடம்பில் வெடிப்பதால், தோளில் கழுதை உதைப்பது போல உதைக்கும். அளவை எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

என் பாட்டி அந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் துப்பாக்கியைப் பற்றிப் பேசமாட்டார், அரிசியைப் பற்றித்தான் பேசுவார். கம்பிவேலிக் கதவில் சோற்றுத் தூக்கைத் திறந்து காட்ட வேண்டும். காட்டிலிருப்பவனுக்குச் சோறு போய்விடக்கூடாதாம். மத்தியானம் வரை வெறும் வயிற்றோடு பால் வெட்டியவர்களுக்கு எந்தத் துப்பாக்கி எத்தனை கிலோ என்பதா கவலை?

அந்தச் சட்டத்தில் உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் எஸ்.ஏ. கணபதி, தமிழர். 1949-இல் சிலாங்கூரில் ரவாங் பக்கம் பிடிபட்டார். அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டது ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும். கிடந்ததை எடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போகிற வழியில்தான் பிடிபட்டார் என்று ஒரு கூற்றும் உண்டு. இந்திய அரசு கருணை காட்டக் கேட்டது. கேட்டும் பயனில்லை. 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தத் துப்பாக்கியால் அவர் யாரையும் சுட்டதாக வழக்கில்லை. ஒரு கிலோ இரும்பு, மறைத்து வைக்கக்கூடிய அளவு. அதுவே குற்றமாயிற்று.

அவசர காலம் போனது. ஆயினும் கைத்துப்பாக்கியைச் சட்டம் பார்க்கும் பார்வை பெரிதாக மாறவில்லை. ஆயுதச் சட்டம் 1960-இல் வந்தது. 1971-இல் தண்டனையைக் கூட்டித் தனிச்சட்டம் வந்தது. உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் அந்தச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. கொள்ளை போன்ற குற்றத்தின்போது கொல்லவோ காயப்படுத்தவோ நினைத்துச் சுட்டால், குண்டு யார்மேலும் படாவிட்டாலும் தூக்கு என்றிருந்தது. 2023 முதல் அது கட்டாயமில்லை. தூக்கு, அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையோடு குறைந்தது 12 பிரம்படி என்று நீதிபதி முடிவு செய்யலாம். இருபது வயதுப் பையன் உள்ளே போனால் ஐம்பது, அறுபது வயதில் வெளியே வருவான். "அண்ணன் வச்சிருக்கச் சொன்னாரு, ரெண்டு நாள்ல வாங்கிக்கிறேன்னாரு" என்று பொட்டலத்தை வாங்கி அலமாரியில் வைக்கிற தம்பிகள் இந்த எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணன்மார்கள் கொடுத்து வைப்பது எப்போதும் சின்னத் துப்பாக்கிதான். பெரியதைப் பொட்டலம் கட்ட முடியாது.

மறுபக்கம், பன்றித் தொல்லைக்கு உரிமம் பெற்று வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கும் குடியானவர்களை இன்றும் பார்க்கிறோம். மலாய்க்காரர்கள் செனாப்பாங் என்பது அதைத்தான். மாநிலப் போலீஸ் தலைமையின் அனுமதி வேண்டும், பன்றியைச் சுட வனவிலங்குத் துறையின் உரிமமும் வேண்டும். கம்பத்தில் எவரிடம் அது இருக்கிறதென்று ஊருக்கே தெரியும். தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் பிள்ளைகள் எண்ணிச் சொல்வார்கள். கைத்துப்பாக்கிக்கு உரிமம் கேட்டுப் போனால் கிடைப்பது மிகச் சிலருக்கே.

மலாக்கா, நெகிரி பக்கத் தோட்டங்களில் மறுநடவுக்கு மண்ணைப் புரட்டும்போது பழைய தோட்டாவோ துருவேறிய இரும்போ கிளம்புவதுண்டு. ஜப்பான்காரன் காலமோ அவசர காலமோ, யார் போட்டதோ. எடுத்துத் துடைத்துப் பார்க்காதீர்கள். பையில் போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகவும் வேண்டாம். மருந்து பழசானாலும் வெடிக்கும், வழியில் சோதனை போட்டால் உங்கள் சொல்லுக்குச் சாட்சி இருக்காது. கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், மண்டோரிடம் சொல்லிவிட்டு 999-க்குப் பேசுங்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.